சடலத்தில் முளைத்த மரம்: 'தி டெயிண்டட் கப்'

மந்திரமும் மாயமும் உள்ள உலகத்தில் கொலைக் கதை எழுதுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. பூட்டிய அறைக்குள் யார் வேண்டுமானாலும் செத்துக் கிடக்கலாம். கடைசியில் "ஏவல் வைத்தான்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, அமானுஷ்யத்துக்கும் அதுவரை யாரும் அறியாத விஷத்துக்கும் தடை போட்டார். ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் இந்த நாவல் (2024) அந்த விஷத் தடையைப் பகிரங்கமாக மீறுகிறது. ஆனாலும் அழுகுணி ஆட்டம் இல்லை.

பெரிய இடத்துப் பங்களா ஒன்றில் பொறியியல் படை அதிகாரி இறந்துகிடக்கிறார். உடம்பைப் பிளந்துகொண்டு ஒரு மரமே வளர்ந்து கூரையை முட்டி நிற்கிறது. எல்லாம் ஒரு விஷத்தின் வேலை. நமக்குத்தான் இந்த விஷம் புதிது. அந்த நாட்டுக்காரர்களுக்கு அது ஒரு பிரதேசத்தையே அழித்த பழைய பேரழிவு. அந்தத் தகவலையும் ஆசிரியர் காலாகாலத்தில் சொல்லிவிடுகிறார். எனவே 'இது எப்படிச் சாத்தியம்' என்று மண்டையைக் குடையாமல், யார், எந்த வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள் என்று யோசிக்கலாம்.

அந்தப் பங்களாவில் ஏ.சி. கிடையாது, அறையைக் குளிர்விக்க ஒரு வகைக் காளான் வளர்க்கிறார்கள். அது வாடிக் கிடக்கிறது. வாசகர் அதை உலக வர்ணனை என்று தாண்டிப் போய்விடுவார். அதுதான் க்ளூ. நம் ஊர்க் கதையில் ஏ.சி. ரிப்பேர் என்றால் உடனே சந்தேகப்படுவோம். இங்கே எது இயல்பு என்பதே நமக்குத் தெரியாது. முதலில் இயல்பைக் கற்றுக்கொடுத்து, பிறகு அதில் பிசகைக் காட்ட வேண்டும், அதுவும் பாடம் நடத்துகிற வாடை வராமல். இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

துப்பறிபவர் அனா கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். உதவியாளன் டின் எதையும் மறக்க முடியாதபடி உடல் மாற்றப்பட்டவன். நினைவைக் கிளறும் வாசனைக் குப்பியை முகர்ந்து, பார்த்ததை அப்படியே ஒப்பிப்பான். அனாவுக்குக் கிடைத்ததுதான் நமக்கும். ரெக்ஸ் ஸ்டவுட்டின் கதைகளில் வீட்டிலிருந்தே துப்புத் துலக்கும் நீரோ வுல்ஃப், அவருக்காக வெளியே அலையும் ஆர்ச்சி குட்வின் ஜோடியை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழகியதே. 1960-களில் ரண்டால் கேரட் எழுதிய, மந்திரம் நிலவும் உலகில் துப்பறியும் லார்ட் டார்சியின் கதைகளில், இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் அந்தக் குண்டு வந்ததா என்று ஒரு மந்திரவாதி லேப் ஒழுங்கோடு சோதிப்பார். அந்த ஒழுங்கு இங்கே தாவரங்களிலும் மருந்துகளிலும் தொடர்கிறது.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் சிக்னம், இம்யூனிஸ், பிரின்செப்ஸ் என்று பதவிப் பெயர்களாகக் கொட்டுகிறது; ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வது நல்லது. முடிவில் அனாவின் விளக்கவுரை கொஞ்சம் நீளம். கடலிலிருந்து வரும் ராட்சதங்களின் மிரட்டல் நடுப்பகுதியில் விசாரணையின் விறுவிறுப்பைப் பங்குபோட்டுக்கொள்கிறது.

அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதை, 2025-இல் சிறந்த நாவலுக்காகப் பெற்றது இது. 'எ ட்ராப் ஆஃப் கரப்ஷன்' இதன் அடுத்த பாகம். இதை முடித்துவிட்டு அதை எடுங்கள். ஒலிப்புத்தகத்தைவிட அச்சுப் பிரதியே வசதி. பின்னால் புரட்டிச் சரிபார்க்க வேண்டிய இடங்கள் ஏராளம்.