டுரான் – லியோனார்ட் மறுமோதல்: துண்டு வீடியோ போதாது, முழுப் பதிவையும் பாருங்கள்

1980 நவம்பர் 25 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கில், சுகர் ரே லியோனார்டுடன் நடந்த குத்துச்சண்டை மறுமோதலில், எட்டாவது ரவுண்டு முடிய 16 வினாடி இருக்கும்போது ராபர்டோ டுரான் கையை வீசிச் சண்டையை விட்டு விலகினார். அந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு ‘கோழை’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. முழுச் சண்டையின் பதிவும் கிடைக்கிறது, பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

படத்தின் தரம் சுமார்தான். பழைய டேப், நிறம் மங்கல். ஆனால் இரண்டு பேரின் கால்களும் தெளிவாகத் தெரிகின்றன. இந்தச் சண்டைக்கு அது போதும்.

முதலில், அதே ஆண்டு ஜூன் 20 அன்று மாண்ட்ரியலில் நடந்த முதல் சண்டையைப் பாருங்கள். அதுவரை தோற்றதே இல்லாத லியோனார்டை டுரான் வாயாலேயே சீண்டினார், அவர் மனைவியைக்கூட விடவில்லை. ரோஷம் வந்த லியோனார்ட் தன் ஆட்டத்தை மறந்து நேருக்கு நேர் நின்று மோதினார். 15 ரவுண்டு. புள்ளி போடும் மூன்று நடுவர்களும் டுரான் பக்கம், இருவர் கணக்கில் ஒரே புள்ளி வித்தியாசம். வெல்டர்வெயிட் (147 பவுண்டு வரையிலான எடைப் பிரிவு) பட்டம் கைமாறியது.

மறுமோதல் ஐந்தே மாதத்தில். டுரானுக்கு 80 லட்சம் டாலர். வெற்றிக் கொண்டாட்டத்தில் ஏறிய எடையை அவசரமாக 147 பவுண்டுக்குள் இறக்க வேண்டியிருந்தது. எடை பார்த்து முடிந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டார். வயிற்றைப் பிடித்து இழுத்தது, அதனால்தான் நிறுத்தினேன் என்று பிறகு சொன்னார்.

மணி அடிப்பதற்கு முன் பாடகர் ரே சார்ல்ஸ் பாடுவதைத் தள்ளிவிடாதீர்கள். லியோனார்டுக்கு வைத்த பெயரே அவருடையதுதான்: ரே சார்ல்ஸ் லியோனார்ட்.

அப்புறம் கால்களைக் கவனியுங்கள். மாண்ட்ரியலில் கயிற்றோரம் சிக்கி நின்ற லியோனார்ட் இங்கே நிற்கவே இல்லை. ஜாப் (முன்கையால் நேராக விடும் வேகக் குத்து) போடுகிறார், நகர்கிறார், டுரான் நெருங்கினால் உடம்பைத் திருப்பி வெளியே வந்துவிடுகிறார். அதற்காக டுரான் அடி வாங்கிச் சுருண்டார் என்று நினைக்க வேண்டாம். அவர் ஒருமுறைகூட விழவில்லை. நிறுத்தியபோது புள்ளிக் கணக்கு லியோனார்ட் பக்கம் 68–66, 68–66, 67–66. எட்டிப் பிடிக்கக்கூடிய வித்தியாசம்தான்.

ஏழாவது ரவுண்டு தான் இந்தப் பதிவின் உயிர். லியோனார்ட் தாடையை நீட்டிக் காட்டுகிறார், தோளைக் குலுக்குகிறார். வலது கையைச் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, எல்லோரும் அந்தக் கையையே பார்க்கும்போது இடது கையால் முகத்தில் ஒன்று வைக்கிறார். அரங்கமே சிரிக்கிறது. டுரானின் முகத்தை அங்கே நிறுத்திப் பாருங்கள். பனாமாவின் எல் சோரியோ தெருக்களில் வளர்ந்தவர், எதிரியை மிரட்டியே பாதிச் சண்டையை ஜெயித்தவர். அடித்தால் திருப்பி அடிப்பார். சிரித்தால் என்ன செய்வார்? வயிற்று வலியை நான் பொய் என்று ஒதுக்க மாட்டேன். அப்படி எடை குறைத்த உடம்பில் துரத்திப் பிடிக்கக் கால்கள் எப்படி வரும்? பிடிக்கவும் முடியாமல், இத்தனை பேர் முன்னால் கேலிப்பொருளாகவும் நிற்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்பது என் முடிவு. சீண்டல், மாண்ட்ரியலில் அவரே எடுத்த அதே ஆயுதம்.

எட்டாவதில் துண்டு வீடியோக்கள் வெட்டிவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. டுரான் முதலில் திரும்பிக்கொண்டபோது சண்டை நிற்கவில்லை. லியோனார்ட் பாய்ந்து உடம்பில் குத்துகிறார். மேடையில் சண்டையை நடத்தும் நடுவர் ஆக்டேவியோ மெய்ரான் நம்ப முடியாமல் ‘ஆடு’ என்று சைகை காட்டுகிறார். டுரான் மறுபடியும் மறுக்கிறார். யோசிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தும் வேண்டாம் என்றவர் அவர்.

சில பதிவுகளில் ரவுண்டுகளுக்கு இடையிலான ஒரு நிமிட ஓய்வை வெட்டியிருக்கிறார்கள். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள், கார்னரில் (ஓய்வுக்கு உட்காரும் மூலையில்) டுரான் உட்கார்ந்திருக்கும் விதமே பாதிக் கதை.

இதோடு நிறுத்தாமல் 1983 ஜூன் 16 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டேவி மூருடன் அவர் மோதியதையும் பாருங்கள். அன்று அவருடைய 32வது பிறந்தநாள். எட்டாவது ரவுண்டிலேயே மூரைத் தோற்கடித்து மீண்டும் உலகப் பட்டம் வாங்கினார். 1989இல் லியோனார்டுடன் நடந்த மூன்றாவது சண்டை மந்தமானது, நேரமில்லை என்றால் அதை விட்டுவிடலாம்.