காயிலோவர் மாட்டக் கொடுத்து 7,200 டாலர் போன கதை

டாலஸ் பக்கம் பழைய பிக்கப் வைத்திருக்கும் நம்மாட்கள் சிலர் இருக்கிறீர்கள். பின்னால் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) கழற்றிவிட்டு காயிலோவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி காயில் ஸ்பிரிங் கோத்த ஒரே யூனிட்) போடும் ஆசை இருந்தால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

என் வண்டி 1978 செவர்லே சி10. 1972 வரை வந்த சி10-களில் பெரும்பாலும் பின்னால் காயில் ஸ்பிரிங்தான். நீளமான இரண்டு கைகள் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும். அமெரிக்க நாஸ்கார் கப் பந்தயக் கார்கள்கூட 2021 வரை அந்த மாதிரி ஏற்பாட்டில்தான் ஓடின. சி10-ஐ மட்டும் 1973-இல் பட்டைக்கு மாற்றிவிட்டார்கள். பட்டைக்கு இரண்டு வேலை. எடையைத் தாங்கும், ஆக்ஸிலையும் இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றினால் ஆக்ஸிலைப் பிடிக்க நான்கு கைகள், பக்கவாட்டில் நகராமலிருக்க பான்ஹார்ட் ராடு, எடைக்கு காயிலோவர் என்று எல்லாவற்றையும் புதிதாக வெல்டு வைக்க வேண்டும். பெரிய வேலைதான். அதனால்தான் கடைக்குக் கொடுத்தேன்.

கடையில் போட்டோக்கள் அழகாக இருந்தன. ஆறு வாரத்தில் வண்டி வந்தது. தாழ்வாக, பார்க்கவே ஜோராக நின்றது. முதல் சனிக்கிழமை தோட்டத்துக்கு மண் மூட்டை ஏற்றிக்கொண்டு ரயில்வே கிராஸிங்கைத் தாண்டினேன். பின்னால் 'டமார்' என்று ஒரு அடி, பல்லெல்லாம் ஆடிப்போனது.

திருப்பி எடுத்துப் போனேன். கடைக்காரர் ஸ்பேனரை எடுத்து, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வளையத்தை நாலு சுற்று சுற்றினார். "இப்போது கெட்டியாகிவிட்டது" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இங்கேதான் ஏமாந்தேன். அந்த வளையத்தைத் திருகினால் வண்டி உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங் கெட்டியாகாது. ஒரு அங்குலம் அமுங்க 130 பவுண்டு கேட்கும் ஸ்பிரிங், எவ்வளவு திருகினாலும் 130 பவுண்டுதான். வளையம் இருப்பது உயரத்தைச் சரிசெய்ய. தப்பான ஸ்பிரிங்கை மறைக்க அதைப் பயன்படுத்தினால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நாமக்கல்லில் லாரி வைத்திருந்த மாமாவிடம் போனில் புலம்பினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பின்னாடி என்ன வெயிட்டு நிக்குதுன்னு எடை போட்டாங்களா மாப்ள?"

போடவில்லை. கேட்கவும் இல்லை.

மறுநாள் லாரிகள் நிற்கும் பங்க்கில் எடை மேடையில் ஏற்றினேன். பின் ஆக்ஸில் 1,620 பவுண்டு. ஆக்ஸில், சக்கரம் எல்லாம் சுமார் 380. அதைக் கழித்தால் ஒரு பக்கத்துக்கு 620 பவுண்டு சுமை. ஸ்பிரிங் மேலேயே அச்சடித்திருந்த எண்ணைப் படுத்துக்கொண்டு பார்த்தேன். 130. அந்தச் சுமைக்குப் போதாது.

அதைவிட மோசம், சாய்வு. இரண்டு காயிலோவரையும் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்து வைத்திருந்தார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் சாய்க்கச் சாய்க்க ஸ்பிரிங்கின் பலம் குறையும். 30 டிகிரியில் முக்கால் பங்குதான் மிஞ்சும், 45-இல் பாதி. என் 130 சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது தொண்ணூற்றுச் சொச்சம்.

வேறொரு வெல்டரிடம் காட்டினேன். வயதானவர், அதிகம் பேசாதவர். டார்ச் அடித்துப் பார்த்தார். ஆக்ஸில் மேலே போய் முட்டாமல் தடுக்கும் ரப்பர் கட்டை, அந்த பம்ப் ஸ்டாப்பே இல்லை. காயிலோவரின் மேல் போல்ட்டு ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கி நின்றது, மறுபக்கம் காற்று. பான்ஹார்ட் ராடு படுக்கையாக இருக்க வேண்டியது சரிந்து கிடந்தது. மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டி பக்கவாட்டில் நழுவியது அதனால்தான். மணிக்கு 60 மைலில் வந்த நடுக்கத்துக்கு, கியர்பாக்ஸிலிருந்து தண்டு வெளிவரும் கோணமும் பின் ஆக்ஸிலுக்குள் நுழையும் பினியன் தண்டின் கோணமும் இணையாக இல்லாததே காரணம். ஆக்ஸில் ஹவுசிங்கில் ஒரு பிராக்கெட் வெல்டைச் சுத்தியால் தட்டினார். ஓரத்தில் விரிசல் ஓடியது.

அந்தப் பிராக்கெட்டோடு ஹைவேயில் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். 2025 ஜனவரி முதல் டெக்சஸில் தனியார் வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது. அந்த வெல்டை யாரும் பார்த்திருக்கப் போவதில்லை.

சரிசெய்ய இன்னொரு 2,900 டாலர் ஆனது. சாய்வு 15 டிகிரி, ஸ்பிரிங் 200 பவுண்டு, மேலே இரண்டு பக்கமும் தாங்கும் மவுண்ட், நீளமான பான்ஹார்ட் ராடு. வண்டி நிற்கும்போது ஷாக்கின் ஓட்டத்தில் சுமார் 40 சதவீதம் சக்கரம் கீழே இறங்கவும் 60 சதவீதம் மேலே ஏறவும் மிச்சமிருக்கும்படி வைத்தார். இப்போது மண் மூட்டை ஏற்றினாலும் முட்டுவதில்லை.

நீங்கள் கடைக்குப் போனால், எடை போட்டீர்களா, எந்தக் கணக்கில் ஸ்பிரிங் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். "பார்த்தாலே தெரியும்" என்று பதில் வந்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். சாய்வை டிகிரியில் எழுதி வாங்குங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் வெல்டு போட்டோ கேளுங்கள். நான் கேட்டபோது, "பெயிண்ட் காய்ந்துவிட்டதே" என்றார்கள்.

முதல் கடைக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். வழக்குப் போடுமுன் இங்கே 60 நாள் கொடுக்க வேண்டும். பதில் வரவில்லை. பழைய பட்டையையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். மாமாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.