பழைய டிராயிங்கை ஆட்டோகேட் ஃபைலாக மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

38,500 ரூபாய் போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இந்த வேலையை வெளியே கொடுப்பவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. அப்பா காலத்து டிராயிங்குகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் வரைந்தவை, அமோனியா பிரிண்டுகள், மடிப்பில் கிழிந்து செலோடேப் போட்டவை என்று எல்லா ரகமும் உண்டு. இப்போது சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) வைத்திருப்பவர்கள் யாரும் பேப்பரை வாங்குவதில்லை, "டிடபிள்யூஜி அனுப்பிடுங்க" என்கிறார்கள், அதாவது ஆட்டோகேட் எனும் வரைபட சாஃப்ட்வேரின் ஃபைல். நியாயம்தான். அதனால் அடிக்கடி ஆர்டர் வரும் 70 ஷீட்டுகளைப் பொறுக்கி, பெரிய சைஸ் ஸ்கேன் செய்யும் கடையில் கொடுத்து பிடிஎஃப் ஆக்கி வைத்தோம்.

வேலை கொடுப்பவரையும் வேலை செய்பவரையும் சேர்த்துவைக்கும் ஆன்லைன் தளம் ஒன்றில்தான் இந்த ஆளைப் பிடித்தேன். தளத்தின் பெயர் வேண்டாம். ஆள் தமிழ்க்காரர், பெயருக்குக் கீழே நட்சத்திரங்களாகக் கொட்டிக் கிடந்தன. ஷீட்டுக்கு 550 ரூபாய், 70 ஷீட்டுக்கு 38,500. மற்றவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதே ரேட்தான், அடிமாட்டு விலை ஒன்றும் இல்லை.

நான் நம்பியது அந்த சாம்பிளைப் பார்த்துத்தான். ஒரு பேரிங் ஹவுசிங் டிராயிங்கை இலவசமாகவே போட்டு அனுப்பினார். அவ்வளவு சுத்தமான வேலை. லேயர் என்றால் ஒன்றின் மேல் ஒன்று வைத்த கண்ணாடித் தாள் மாதிரி. சென்டர் லைன் ஒரு லேயர், ஹேட்சிங் (வெட்டுமுகச் சாய்கோடுகள்) ஒரு லேயர், டைமென்ஷன் (அளவுகள்) தனி லேயர். ஒரு கோட்டை இழுத்தால் பக்கத்தில் இருக்கும் அளவும் கூடவே மாறியது. பழைய ஷீட்டில் மங்கிப்போயிருந்த ஒரு ரேடியஸை, "இது 6ஆ 8ஆண்ணா?" என்று ஃபோன் போட்டுக் கேட்டார். இப்படிக் கேட்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? எங்கள் பட்டறையில் 30 வருடமாக லேத் ஓட்டும் மாமாவே அந்த சாம்பிளைப் பார்த்துவிட்டு, "பையன் வேலை தெரிஞ்சவன்டா" என்றார்.

அந்த சாம்பிளை வரைந்த கை வேறு என்பது இப்போது புரிகிறது.

வேலை முடிந்தது என்று 70 ஷீட்டுக்கும் வாட்டர்மார்க் போட்ட பிடிஎஃப் வந்தது. பழைய டிராயிங்கை அப்படியே உரித்துவைத்த மாதிரி இருந்தது. "பேமெண்ட் ரிலீஸ் பண்ணுங்கண்ணா, டிடபிள்யூஜி உடனே வந்துரும்" என்றார். அந்தத் தளத்தில் நடைமுறையே அப்படித்தான், தளத்திடம் கட்டிவைத்த பணத்தை அவருக்கு விடுவித்தால்தான் ஒரிஜினல் ஃபைல் திறக்கும். 38,500 ரூபாயை விடுவித்தேன்.

ஃபைலைத் திறந்தால் எல்லாமே ஒரே லேயரில் கிடக்கிறது. போல்ட் ஹோல் மேல் கிளிக் செய்தேன். உண்மையான வட்டமாக இருந்தால் நடுவில் ஒரு நீலப் புள்ளியும் சுற்றி நாலு புள்ளியும்தான் வரும். இதில் ஓட்டையைச் சுற்றி புள்ளி புள்ளியாக அப்பிக்கொண்டு வந்தது, அத்தனையும் குட்டிக் குட்டிக் கோடுகள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இதழ் (வேன்) வளைவு இன்னும் மோசம். ஒரு வளைவு நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கிக் கிடந்தது. இதை வைத்து எந்த மெஷினுக்கு புரோகிராம் போடுவது?

அளவுகளோ வெறும் எழுத்து. கோட்டை எங்கே நகர்த்தினாலும் எண் அப்படியே நிற்கிறது. அந்த எழுத்தும் சில ஷீட்டில் எழுத்தாக இல்லை, கோட்டுக் கிறுக்கலாக இருக்கிறது. விட்டம் குறி பூஜ்யமாகி Ø30 என்பது 030 ஆகியிருக்கிறது. H7 டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்ற குறி) ஓரிடத்தில் H1 ஆகியிருக்கிறது.

எங்களுக்கு வயிறு எரிந்த இடம் வேறு. 6206 நம்பர் பேரிங் உட்காரும் ஹவுசிங் ஒன்றில் போர் (உள் துளை) 62 மிமீ இருக்க வேண்டும். ஃபைலில் அளந்தால் குறுக்கே 62.4, நெடுக்கே 61.7. முட்டை மாதிரி ஒரு போர்! காரணம் எளிது. பழைய பேப்பர் ஈரத்துக்கு நீளும், சுருங்கும். ஸ்கேனர் உருளை இழுக்கும்போதும் கொஞ்சம் மாறும். அதனால்தான் பழைய டிராயிங்குகளின் மூலையிலேயே 'டூ நாட் ஸ்கேல்' (படத்தை அளந்து அளவு எடுக்காதே) என்று போட்டிருப்பார்கள். எழுதியிருக்கும் அளவைப் படித்துப் புதிதாக வரைய வேண்டும். இந்த ஆள் ஸ்கேனை ஒரு சாஃப்ட்வேருக்குள் தள்ளி, அது கோட்டின் மேல் கோடாக ஓட்டிக் கொடுத்ததை அப்படியே எடுத்து அனுப்பியிருக்கிறார். சில ஷீட்டில் அதற்கும் சோம்பேறித்தனம். எங்கே கிளிக் செய்தாலும் முழு ஷீட்டும் ஒரே சட்டமாக செலக்ட் ஆகிறது. நாங்கள் அனுப்பிய படத்தையே உள்ளே ஒட்டி, டிடபிள்யூஜி என்று பெயர் வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதற்கும் ஷீட்டுக்கு 550 ரூபாய்.

மாமா கவனித்ததால் மெட்டீரியல் வெட்டும் முன்பே நின்றது. இல்லையென்றால் நஷ்டம் 38,500-ஓடு போயிருக்காது.

கேட்டதற்கு வந்த பதில்களைப் பாருங்கள். முதலில் "வேற வெர்ஷன்ல ஓப்பன் பண்ணிப் பாருங்கண்ணா." அப்புறம் "உங்க ஸ்கேன் குவாலிட்டி சரியில்ல." அந்த ஸ்கேனில்தான் சாம்பிள் அவ்வளவு நன்றாக வந்தது என்றேன். அதற்கு "சார், எடிட்டபிள் ஃபைல்னுதான் சொன்னோம், கோட்டைத் தனித்தனியா டெலீட் பண்ண முடியுதில்ல, அதுவும் எடிட்தான்" என்றார். அண்ணா போய் சார் வந்துவிட்டதைக் கவனியுங்கள். திரும்ப வரைய வேண்டுமானால் ஷீட்டுக்கு இன்னொரு 400 ஆகுமாம்! அதன் பிறகு ஃபோனை எடுப்பதில்லை.

தளத்தின் ஹெல்ப் சாட்டில் முதலில் ஒரு ரோபோ, பிறகு ஒரு மனிதர், இரண்டும் ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன: பணம் விடுவிக்கப்பட்டுவிட்டது, டெலிவரி ஏற்கப்பட்டுவிட்டது, டிக்கெட் மூடப்படுகிறது. விடுவிக்காமல் ஃபைலைப் பார்க்கவே முடியாதே என்று கேட்டால், உங்கள் கருத்துக்கு நன்றி என்கிறார்கள். 38,500 ரூபாய்க்கு ஒரு நன்றி.

சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிகத்துக்காக வாங்கிய சேவை வராது, சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டினால்தான் வழி. அதற்கு வக்கீலைப் பார்க்க வேண்டும்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. பிடிஎஃப் பிரிவியூவை நம்பவே நம்பாதீர்கள், டிரேஸ் செய்த குப்பையும் கையால் வரைந்த வேலையும் பிரிண்டில் ஒரே மாதிரிதான் தெரியும். சாம்பிள் ஷீட்டை அவர் தேர்ந்தெடுக்க விடாமல், கடினமான இரண்டு மூன்றை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பத்து பத்து ஷீட்டாகக் கொடுத்து, டிடபிள்யூஜியைத் திறந்து வட்டத்தைத் தொட்டுப் பார்த்து, ஒரு அளவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 'எழுதிய அளவுப்படி புதிதாக வரைந்தது, டைமென்ஷன் கோட்டோடு மாறும்' என்று எழுத்தில் வாங்குங்கள். உள்ளூரில் டிராயிங் படித்த பையன் கிடைத்தால் பட்டறையிலேயே உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள், நாங்கள் இப்போது அதைத்தான் செய்கிறோம், அதற்குத் தனிச் செலவு. இதே மாதிரி யாராவது ஏமாந்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.