வெப்லி ஸ்காட் .32 பிஸ்டல்: பழையதாக வாங்கலாமா?

அப்பாரு காலத்துக் கைத்துப்பாக்கிகள் நம் பக்கத்தில் இப்போது விற்பனைக்கு வருவதற்குக் காரணம் உண்டு. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019 சட்டத் திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டது. பொள்ளாச்சி, தாராபுரம் பண்ணை வீடுகளிலோ வால்பாறை எஸ்டேட்டிலோ இருந்த மூன்றாவது துப்பாக்கிக்கு வேறு இடம் பார்த்தாக வேண்டும். உரிமக்காரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி 25 ஆண்டு அவரிடம் இருந்தாலோ வாரிசுக்கு மாற்றித்தர விதியில் இடம் உண்டு. வாரிசுக்கு நாட்டம் இல்லையென்றால் அது டீலர் பெட்டகத்துக்குப் போய்விடும்.

அப்படி வருவதில் சேகரிப்புக்கு ஏற்றது வெப்லி ஸ்காட் .32 தானியங்கி பிஸ்டல்தான். பர்மிங்காமில் செய்தது, 1908-இல் வந்த வடிவம். 1911-இல் லண்டன் மாநகரப் போலீஸ் இதை எடுத்துக்கொண்டது. மேகசினில், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில், எட்டுத் தோட்டா பிடிக்கும். இதே கம்பெனியின் .38, .455 ரிவால்வர்கள் பார்க்க இன்னும் கம்பீரமாக இருக்கும். ஆனால் அவை ராணுவத் தோட்டாவை ஏற்கும் ரகம் என்பதால் தடைசெய்யப்பட்ட குழல்துளை அளவு வகை. சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது. .32 அந்தத் தடைக்குள் வராது.

பார்க்கப் போனால் முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதி) இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பாருங்கள். மேகசினை எடுத்துவிட்டால் மட்டும் துப்பாக்கி காலியாகிவிடாது.

இந்த பிஸ்டலின் உயிர் அதன் ஸ்பிரிங். பெரும்பாலான பிஸ்டல்களில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். இதில் ‘வி’ வடிவத் தகட்டு ஸ்பிரிங், வலது கைப்பிடித் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. ஸ்லைடை முழுக்க இழுத்து விடும்போது ‘டக்’கென்று கடைசிவரை போய் உட்கார வேண்டும். கடைசி இரண்டு மில்லிமீட்டரில் தயங்கினால் ஒன்று ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் பழைய எண்ணெய் கோந்தாக இறுகியிருக்கிறது. இரண்டாவது சுத்தம் செய்தால் போய்விடும். முதலாவதற்கு மாற்று கிடைப்பது பெரும்பாடு. தெரியாதவர்கள் நெம்பித் திறந்ததில் கீறலும் விரிசலும் விழுவது அந்த வலது தகட்டில்தான். தகடு வல்கனைட் ரப்பர். வெயில் பட்டால் கறுப்பு மாறிப் பழுப்பேறும். பழுப்பு குறையல்ல, விரிசல்தான் குறை.

குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மருந்து) உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் குழிகுழியாக அரிக்கும். நாலைந்து புள்ளி இருந்தால் பரவாயில்லை, குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களின் விளிம்பே மழுங்கியிருந்தால் விட்டுவிடலாம்.

பளபளக்கும் நிக்கல் பூச்சையும் புதுக் கருநீலப் பூச்சையும் நம்ப வேண்டாம். பூசுவதற்கு முன் தேய்த்திருப்பார்கள். தேய்த்ததில் துப்பாக்கியின் வரிசை எண்ணும் முத்திரையும் மங்கியிருக்கும். கிரீடத்துக்குக் கீழே பிபி, பிவி, என்பி (BP, BV, NP) என்ற எழுத்துகள் பர்மிங்காம் சோதனை முத்திரைகள். கிரீடத்தின் கீழ் பிஎன்பி (BNP) என்று இருந்தால் 1954-க்குப் பிறகு மறுசோதனைக்குப் போய் வந்தது என்று பொருள். உடலில் உள்ள எண் விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒரு இலக்கமும் பிசகாமல் பொருந்த வேண்டும். எண் தெளிவாகத் தெரியாத பிஸ்டலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

“பழசுங்க, லைசென்ஸ் எல்லாம் வேண்டாமுங்க” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும். இந்த .32 நன்றாகவே சுடும். 2020 விதித் திருத்தம் கியூரியோ (அரும்பொருள்) வகைக்கு உரிமம் இல்லாமல் வைத்திருக்க இடம் கொடுத்தது உண்மைதான். ஆனால் சுடவோ வெளியே எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். உங்கள் பிஸ்டல் அந்த வகையா என்பதை உரிம அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள், விற்பவர் வாய்ச்சொல்லில் அல்ல.

உரிமம் தருவது மாநகரக் காவல் எல்லைக்குள் கமிஷனர், வெளியே கலெக்டர் அலுவலகம். முதலில் உங்கள் உரிமத்தில் பிஸ்டலுக்கு அனுமதி பதிவாகி இருக்க வேண்டும். தனி ஆள் விற்கிறார் என்றால் அவர் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். அந்த நகலைப் பார்க்காமல் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். வாங்கியதும் எண்ணை உங்கள் உரிமத்தில் ஏற்றிவிட வேண்டும்.

தோட்டா கேட்கும்போது ‘.32’ என்று மட்டும் சொன்னால் போதாது. ரிவால்வருக்கான நீளத் தோட்டா வேறு, பிஸ்டலுக்கான 7.65 மில்லிமீட்டர் வேறு, இதற்கு இரண்டாவதுதான்.

கோயம்புத்தூரில் எந்த உதிரிப் பாகத்தையும் லேத்தில் கடைந்து கொடுத்துவிடும் கைகள் இருக்கின்றன. இந்த வேலையை மட்டும் அவர்களிடம் கொண்டு போகக்கூடாது. உரிமம் இல்லாத பட்டறையில் துப்பாக்கி பழுது பார்ப்பது குற்றம், கொடுத்தவரும் மாட்டுவார்.

விலைக்கு வருவோம். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி தனியாருக்குப் பல பத்தாண்டுகளாக அடைபட்டிருப்பதால், வெளிநாட்டு ஏலப் பட்டியலை இங்கே அளவுகோலாக வைக்க முடியாது. பூச்சு தேய்ந்து ஓரங்களில் இரும்பு வெளுத்துத் தெரிந்தாலும் அசல் பூச்சு, உறுதியான ஸ்பிரிங், வாய் விளிம்பு வளையாத அசல் மேகசின் மூன்றும் இருந்தால் கேட்ட விலையில் பெரிதாகப் பேரம் பேச வேண்டியதில்லை. மேகசின் இல்லையென்றால் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னும். மெல்லிய எண்ணெய்த் துணி, சிலிக்கா ஜெல் பொட்டலம், பூட்டிய இரும்புப் பெட்டி. தோட்டாக்கள் வேறு பெட்டியில் இருக்கட்டும்.