ஜிப்சியா, பழைய தாரா: எடைமேடைச் சீட்டு சொன்ன கதை

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், கிணத்துக்கடவு பக்கம் ஒரு எடைமேடையில் என் மாருதி ஜிப்சியையும் மச்சானின் மஹிந்திரா தாரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினோம். எங்களுக்கு முன்னால் தேங்காய் லாரி, பின்னால் ஜல்லி லாரி. "லோடு என்னங்க?" என்று கேட்டார் மேடைக்காரர். "லோடெல்லாம் இல்லீங்க, காலி வண்டிதான்" என்றோம். அப்புறம் எதற்கு எடை என்று அவருக்குப் புரியவில்லை; இருந்தாலும் சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டார். ஜிப்சி 1,070 கிலோ. தார் 1,940.

பழைய ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி) ஒன்றை வாங்கி, கையில் காசு சேரச் சேர ஒவ்வொன்றாக மாற்றி, மண் பாதையில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ஜிப்சி எடுக்கலாமா, பழைய தார் எடுக்கலாமா? நான் எடுத்தது 2007 மாடல் ஜிப்சி கிங். மச்சான் எடுத்தது 2013 தார் சிஆர்டிஇ, டீசல் வண்டி. அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஏன் சாய்கிறது என்பதற்குக் காரணம் அந்த இரண்டு சீட்டுகளில் இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஹைவேயில் தார் நல்ல வண்டி, ஜிப்சி தண்டனை. தாரில் ஏசி இருக்கிறது. ஜிப்சியில் எண்பதுக்கு மேல் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு சைகையில்தான் பேச வேண்டும். பெட்ரோல் செலவும் கூட. எனக்கு லிட்டருக்கு பத்து கிலோமீட்டர் கிடைத்தால் அது நல்ல நாள். அவனுக்கு டீசலில் பன்னிரண்டு சாதாரணமாக வருகிறது. வீட்டில் ஒரே வண்டிதான், அதிலேயே குடும்பத்தோடு ஊருக்கும் போக வேண்டும் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, தாரை எடுங்கள்.

இரண்டும் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் குணம் புரியும். ஜிப்சி 1985 டிசம்பரில் வந்தது, ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவான 970 சிசி என்ஜினோடு. 1996-இல் 1.3 லிட்டர் கிங் வந்தது. 2000-இல் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) ஆகி 80 குதிரைசக்தியைத் தொட்டது. சாஃப்ட் டாப் வண்டியின் காலி எடை கம்பெனிக் கணக்கில் 985 கிலோ. முன்னும் பின்னும் முழு ஹவுசிங் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். முப்பது வருடத்துக்கு மேல் ஓடியும் அடிப்படை மாறவே இல்லை. தார் 2010-இல் வந்தது. 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைசக்தி, 247 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை). பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். ஆனால் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்கிற கம்பி) வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். இந்த முன்பக்க வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது எடை. முதல் தடவை என் வண்டியை மேடையில் ஏற்றியது வாங்கின புதிதில், சும்மா ஒரு ஆர்வத்தில்: 1,010 கிலோ. அதற்கப்புறம் எட்டு மாதம் எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் இரும்பு பம்பர், அதற்குள் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் மோட்டார்), பின்னால் ஸ்டெப்னி தாங்கியோடு இன்னொரு இரும்பு பம்பர், மேலே கேரியர், அதில் இருபது லிட்டர் கேன், இரண்டாவது பேட்டரி, என்ஜினுக்குக் கீழே தகடு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. பதினைந்து கிலோ, முப்பது கிலோ, அவ்வளவுதானே என்று தோன்றும். இரண்டாவது தடவை மேடை ஏறியபோது 1,190.

நூற்றெண்பது கிலோ. வண்டியின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். ஆள் யாரும் ஏறாமலே மூன்று பேர் எப்போதும் உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஜிப்சியின் டார்க் 103 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,500 ஆர்பிஎம் போனால்தான் முழுதாகக் கிடைக்கும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடங்களிலெல்லாம் இரண்டாவதுக்கு வந்தது. பிரேக் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனது. திருப்பங்களில் கேரியர் வண்டியை வெளியே இழுத்தது. அந்த மழைக்காலத்தில், ஒரு நண்பரின் தோட்டத்துக்குள் போகும் பாதையில் பின்பக்க ஸ்பிரிங்கின் மெயின் பிளேட் 'டக்' என்று உடைந்தது.

பொள்ளாச்சியில் ஒரு ஸ்பிரிங் பட்டறைக்கு எப்படியோ உருட்டிக்கொண்டு வந்தோம். பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "ஏனுங்க தம்பி, இத்தன நகை போட்டிருக்கீங்க, வண்டிக்குக் கண்ணாலமா?" என்றார். மதியத்துக்குள் பிளேட் அடித்துக் கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது இன்னும் ஒரு பிளேட் கூட வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வைக்கலாம், ஆனால் வண்டி கட்டை வண்டி மாதிரி குதிக்கும், அதைவிட மேலே இருப்பதை இறக்குங்கள் என்றார். இறக்கினேன். கேரியர் போனது, பின் பம்பர் போனது, இரண்டாவது பேட்டரி போனது. வின்ச்சின் இரும்புக் கயிற்றுக்குப் பதிலாக சிந்தெடிக் கயிறு. முன் பம்பரின் இடத்தில், வின்ச்சை மட்டும் தாங்குகிற சின்னத் தகடு ஒன்றை லேத்தில் செய்துகொண்டேன். அப்படித்தான் 1,070-க்கு வந்தது.

தாருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. அதன் மேல் 180 கிலோ ஏற்றினால் பத்தில் ஒரு பங்குதான். டார்க்கோ என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மச்சானுக்கு ஏறினதே தெரியவில்லை. அதனால்தான் அவன் எதையும் இறக்கவில்லை, இன்றைக்கு 1,940-இல் நிற்கிறான். மூட்டை முடிச்சோடு பத்து நாள் பயணம் என்றால் இது பெரிய வசதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கனமான வண்டி தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் கனமாகக் கேட்கும். ஆளும் சாமானும் ஏறிய எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கிற வின்ச் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஜிப்சி நிறைந்தால் சுமார் 1,500 கிலோ, அதற்கு 5,000 பவுண்டு வின்ச் போதும். மச்சானின் தார் நிறைந்தால் 2,400. அவனுக்கு 8,000 பவுண்டுக்குக் குறையாமல் வேண்டும். அது விலையும் கூட, எடையும் கூட. கயிறு, ஷேக்கிள், மாட்டும் கொக்கி எல்லாமே அடுத்த சைஸ்.

களிமண்ணில் இது கண்ணுக்கே தெரியும். அதே தோட்டத்தில் இரண்டு வண்டியும் ஒரே பள்ளத்தில் இறங்கின. ஜிப்சியை, டயர் காற்றைப் பதினெட்டு பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு, மூன்று பேர் தள்ளியதில் வெளியே எடுத்தோம். தார் அச்சு வரை உட்கார்ந்துவிட்டது. வின்ச் போட, தாங்குகிற மாதிரி மரம் தேடி, மண் வெட்டி, வெளியே வரும்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. அவன் டயர் என்னுடையதைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலம்தான். எடை மட்டும் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். மண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

டயரிலும் இதே கதைதான். ஜிப்சியில் வரும் 205/70 ஆர்15 டயர் சுமார் 26 அங்குல உயரம். ஹவுசிங் வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் உயரும். அச்சின் நடுவில் தொங்குகிற டிஃபரன்ஷியல் குடம் (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்க டயர் ஒன்றுதான் வழி. எல்லோரும் 235/75 போடச் சொன்னார்கள். போட்டால் குடம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் உயரும், உண்மைதான். கூடவே கியர் பத்து சதவீதம் உயர்ந்துவிடும், அதாவது இழுவை அந்த அளவுக்குக் குறையும். சின்ன என்ஜின் அதைத் தாங்காது. அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) கியரை மாற்ற வேண்டும். ஒரு நண்பரின் டயரை மாட்டி ஒரு வாரம் ஓட்டினேன், முன் ஹப்பின் கிங்பின் பேரிங் தளர்ந்திருந்ததால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடியது. கழற்றிவிட்டு 215/75 போட்டேன். உயரம் பதினெட்டு மில்லிமீட்டர்தான் கூடியது, கியர் ஐந்து சதவீதம். இன்றுவரை போதும் என்றுதான் தோன்றுகிறது. தார் கம்பெனியிலிருந்து வரும்போதே 235/70 ஆர்16, கிட்டத்தட்ட 29 அங்குலம். டயர் விஷயத்தில் அவனுக்கு எந்தத் தலைவலியும் இல்லை.

அவன் தலைவலி முன்பக்கத்தில். தாரின் முன்பக்கத்தை உயர்த்த டார்ஷன் பாரை முறுக்குகிறார்கள். சுலபமான வேலை, அரை மணி நேரம். ஆனால் முறுக்க முறுக்க சக்கரம் கீழே இறங்குகிற தூரம் குறையும், டிரைவ் ஷாஃப்ட் சாய்வு கூடும், சிவி பூட் (ஷாஃப்ட் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழியும். கிழிந்ததைக் கவனிக்காமல் மண் உள்ளே போனால் ஜாயிண்டே போய்விடும். மச்சான் ஒன்றரை அங்குலம் உயர்த்தினான், இரண்டு வருடத்தில் மூன்று பூட் மாற்றினான். என் வண்டியில் முன் சக்கரம் ஒன்று மேலே ஏறினால் மறுபக்கம் தானாகக் கீழே அழுத்தும். கரடுமுரடான இடத்தில் நான்கு டயரும் தரையைத் தொட்டுக்கொண்டே போகும். தாரில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். இதற்குத்தான் 2015 மாடலிலிருந்து பின் ஆக்ஸிலில், ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்க, தானே லாக் ஆகும் டிஃபரன்ஷியல் கொடுத்தார்கள். தார்தான் எடுப்பேன் என்றால் 2015-க்குப் பிந்தையதாகப் பாருங்கள். மச்சான் பத்தாயிரம் ரூபாய் குறைகிறதே என்று 2013-ஐ எடுத்தான். இன்னமும் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாமான் கிடைக்குமா என்பது இரண்டுக்கும் பெரிய கவலை இல்லை. ஜிப்சியை 2019-இல் நிறுத்திவிட்டாலும், அமெரிக்காவில் சாமுராய், ஆஸ்திரேலியாவில் சியரா என்ற பெயர்களில் ஓடியது இதே குடும்பம்தான். டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கர் மாதிரியான சாமான்கள் வெளிநாட்டில் இன்னும் புதிதாகவே செய்கிறார்கள். கிராஸ், பேரிங், ரப்பர் எல்லாம் இங்கேயே கிடைக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்ட்டை மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை கீழே படுத்துப் பாருங்கள். வெடித்திருந்தால் வண்டி முழுக்க அதிரும், கியர் பாக்ஸில்தான் கோளாறு என்று யாராவது உங்களைப் பயமுறுத்துவார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரும்பு பம்பர் மேல் 2017 கடைசியிலிருந்தே நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஜிப்சிக்கு டீசல் என்ஜின் மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்சி மலிவாகக் கிடைத்தால், வண்டியைவிடக் காகிதங்களை இரண்டு மடங்கு நேரம் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுவது தனிக் குற்றம்; நாங்கள் ஓட்டுவதெல்லாம் அனுமதி வாங்கிய தோட்டங்களிலும் பட்டா நிலத்திலும்தான்.

சில விஷயங்களில் என் அனுபவம் போதாது. தாரை நான் ஓட்டியது மொத்தம் நாலாயிரம் கிலோமீட்டர் இருக்கும், அதுவும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும்போது. இன்ஜெக்டர், டர்போ எல்லாம் லட்சத்தைத் தாண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று அவனையே கேட்க வேண்டும். ஆழமான தண்ணீரில் ஜிப்சியை முழங்கால் அளவுக்கு மேல் இறக்கியதில்லை. ஸ்பார்க் பிளக் இல்லாத டீசல்தான் அங்கே தைரியம் தரும் என்று நினைக்கிறேன். மறுவிற்பனையில் ஜிப்சி நன்றாக நிற்கிறது என்பதும் கேள்விப்பட்டதுதான், நான் விற்றுப் பார்க்கவில்லை. விலை கேட்டு வருகிறவர்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பின் ஆக்ஸிலுக்கு ஒரு லாக்கர், இது மட்டும் பட்டியலில் மிச்சம். அதன் எடை சில கிலோ கூடத் தேறாது என்பதால் மனசாட்சி உறுத்தவில்லை. ஜனவரியில் ஜெய்சல்மேர் போவதாகப் பேச்சு, போக மட்டுமே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதற்கு மச்சானின் வண்டியில்தான் போகிறோம். டீசல் பாதி என் கணக்கு, கயிறும் மண்வெட்டியும் முழுக்க என்னுடையது.