பெயர் வெட்டப்பட்ட மாத்திரைகள்

புதிதாக நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், எங்கள் நாய் செம்பியை ஆறு வருடமாக நாங்கள் காட்டிவரும் கிளினிக்கிலேயே தன் குட்டியையும் காட்டலாமா என்று சென்ற வாரம் கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகு இதை எழுதுகிறேன்.

அந்த டாக்டருக்கு நான் பட்ட கடனை முதலில் சொல்லிவிட வேண்டும். 2019-இல் தெருவோரம் கிடைத்த நாட்டுக்குட்டியாகச் செம்பி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரமே அவளுக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் கண்டது. ரத்தமாகக் கழிந்து, தலையைத் தூக்கவும் வலுவில்லாமல் கிடந்த குட்டியின் முன்னங்காலில், நூல் கனத்தில் இருந்த நரம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து ஒரே முறையில் ஊசி ஏற்றியவர் அவர். மாலையில் மட்டும் திறக்கும் கிளினிக்கை, வேலைக்குப் போகும் வழியில் எங்களுக்காகக் காலையிலும் திறந்து, ஐந்து நாள் இரு வேளையும் டிரிப் போட்டார். செம்பி இன்று உயிரோடு இருப்பதற்கு அவர் கை காரணம். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

என் குறை ஒரே ஒரு வழக்கத்தைப் பற்றியது. அந்தக் கிளினிக்கில் எதையும் எழுதித் தருவதில்லை. மருந்துச் சீட்டு கிடையாது. போட்ட ஊசியின் பெயரைச் சொல்வதில்லை. மாத்திரைகளை அட்டையோடு தராமல், பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதி போய்விடும்படி ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சின்ன வெள்ளைக் கவரில் போட்டு, கவரின் மேல் காலைக்கு ஒரு கோடும் இரவுக்கு ஒரு கோடும் இழுத்துக் கம்பவுண்டர் கொடுப்பார். என்ன மருந்து என்று கேட்டால், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, நான் பார்த்துக்கறேன்" என்பார் டாக்டர். பார்வோவிலிருந்து பிழைக்கவைத்தவர் சொல்கிறாரே என்று பல வருடம் நானும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

சென்ற செப்டம்பரில் செம்பிக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு ஊசி போட்டார். மறுநாளே வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மூன்றாம் நாள் மீண்டும் காய்ச்சல், மீண்டும் ஊசி, மீண்டும் ஒரு நாள் உற்சாகம். இப்படியே ஒன்பது நாள் போயிற்று. ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று நானே கேட்டபோதும் தேவையில்லை என்றார். பத்தாம் நாள் விடியற்காலையில் செம்பி தும்மினாள், தரையெல்லாம் ரத்தம் தெறித்தது. மூக்கின் ஒரு துவாரத்திலிருந்து சொட்டுவது நிற்கவே இல்லை. கிளினிக் மாலை ஐந்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால், ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே இருந்த இளம் டாக்டர் செம்பியின் ஈறையும் வயிற்றுத் தோலையும் பார்த்தார். ஊதா நிறப் புள்ளிகள் இருந்தன. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று சொல்லி ரத்தம் எடுத்துவிட்டு, "இதுவரைக்கும் என்ன குடுத்திருக்காங்க? ஸ்டீராய்டு போட்டாங்களா? வலி மாத்திரை உண்டா?" என்று கேட்டார். நான் கைப்பையிலிருந்து வெள்ளைக் கவரை எடுத்துக் கொட்டினேன். வெள்ளை மாத்திரை இரண்டு, இளஞ்சிவப்பில் பாதி மாத்திரை ஒன்று, ஒரு காப்ஸ்யூல். அவர் அவற்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கமும் கோபமும் இன்னும் அடங்கவில்லை.

அந்தக் கேள்வியின் கனம், அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி நாயை ஓரிரு நாள் தெம்பாகக் காட்டும், ஆனால் நோய் உள்ளே அப்படியே இருக்கும். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண் உண்டாகி ரத்தம் கசியும். நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டிய, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் செம்பிக்குப் பதினெட்டாயிரம்தான் இருந்தன. இந்த நிலையில் எங்கே கசிந்தாலும் ரத்தம் நிற்பது கடினம். இரண்டு நாளாக அவளுடைய மலம் கறுப்பாகப் போனதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. கிளினிக்குக்குப் போன் செய்தேன். "சார் வந்தாத்தான் தெரியும்" என்றார் கம்பவுண்டர். ஆக, என்னென்ன உள்ளே போயிருக்கிறது என்று தெரியாமலேயே, எல்லாம் போயிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு அவர்கள் வைத்தியம் தொடங்கினார்கள்.

உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமிதான் என்று பரிசோதனையில் உறுதியானது. இருபது கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், இருபத்தெட்டு நாள், காய்ச்சல் விட்டாலும் நடுவில் நிறுத்தக் கூடாது என்று கேஸ் ஷீட்டில் எழுதியே கொடுத்தார்கள். வரிசையும் டோக்கனும் இரைச்சலுமாக இருக்கும் அந்த இடத்தில், எங்களுக்குப் பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது எழுத நேரம் இருந்தது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் எங்கள் கிளினிக்கில் மட்டும் அந்த நேரம் இல்லாமல் போனது எப்படி?

உண்ணி விஷயத்திலும் இதே கதைதான். வாரம் ஒரு முறை பவுடர் போட்டுக் குளிப்பாட்டுங்கள் என்பதற்கு மேல் இந்த ஆறு வருடத்தில் கிளினிக்கில் எனக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை, சுவர் இடுக்கிலும் கதவு நிலையிலும்தான் தோலுரித்து முட்டையிடுகிறது என்று வேப்பேரியில் சொன்னார்கள். அன்றிரவு செம்பி படுக்கும் மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுண்ணாம்பு விரிசலுக்குள் கடுகு தூவியது போல் அவை ஊர்ந்துகொண்டிருந்தன.

செம்பி தேறிய பிறகு டாக்டரை நேரில் பார்த்து, ஏன் எழுதித் தருவதில்லை என்று கேட்டேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தாங்களே கடையில் மருந்து வாங்கிப் போட்டு நாயைக் கெடுத்துவிடுகிறார்கள் என்றார். அதில் உண்மை உண்டு. மனிதர் சாப்பிடும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துச் சாகடித்த வீட்டை எனக்கே தெரியும். ஆனால் யாரோ தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பதற்காக, பேச வாயில்லாத ஜீவனின் வைத்திய விவரத்தையே மறைத்து வைப்பது சரியில்லை என்று அவரிடமே சொன்னேன். வேறு இடத்துக்குப் போனதற்காக வருத்தப்பட்டாரே தவிர, அந்த ஒன்பது நாளில் போட்ட ஊசி என்ன என்று அன்றும் சொல்லவில்லை.

தடுப்பூசியைப் பொறுத்தவரை அவரிடம் குறை கிடையாது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரைப் புத்தகத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஊசி போட்டதே தெரியாத அளவுக்கு மென்மையான கை. கட்டணமும் குறைவு. இவ்வளவும் தெரிந்தும் நண்பரிடம் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவருடைய குட்டிக்குப் பார்வோ ஊசியின் இரண்டாவது தவணை இந்த மாதக் கடைசியில் வருகிறது. அதற்குள் எழுதிக் கொடுக்கிற டாக்டராகப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.