டெக்சன் பிஎல்-330: இரண்டாவது எண்ணைப் பாருங்கள்

வெளிநாட்டு ஒலிபரப்புகளை வீட்டிலேயே கேட்க ஒரு சிறிய வானொலிப் பெட்டி வேண்டும், எஸ்எஸ்பியும் (ஒலிபரப்பின் ஒரு பக்கப்பட்டையை மட்டும் எடுத்துக் கேட்கும் முறை) இருக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் எங்கள் முதல் பரிந்துரை டெக்சன் பிஎல்-330. 2020-இல் வந்த இந்தப் பெட்டி உள்ளங்கையில் அடங்கும். சிற்றலையில் 1711 முதல் 29999 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளியே இல்லாமல் எடுக்கும். மத்திய அலை, நெட்டலை, பண்பலை மூன்றும் கூடவே உண்டு. 850 நினைவிடங்கள் இருக்கின்றன, அலைவரிசையை எண்களாக நேரடியாகத் தட்டலாம். இதே பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்து, சார்ஜரையும் செருகிவிட்டு, "ஒன்றுமே கேட்கவில்லை" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் குறை எது, வீட்டில் குறை எது என்று பிரித்துப் பார்க்காமல் இதற்கு மதிப்பெண் போட முடியாது.

பிரித்துப் பார்க்கும் கருவி பெட்டியிலேயே இருக்கிறது. திரையில் இரண்டு எண்கள் தெரியும். முதலாவது சமிக்ஞையின் பலம், இரண்டாவது இரைச்சலைவிடச் சமிக்ஞை எத்தனை டெசிபல் மேலே நிற்கிறது என்பது. புதிதாக வாங்குகிறவர்கள் முதல் எண்ணைத்தான் பார்ப்பார்கள். காதுக்கு உதவுவது இரண்டாவது எண். பத்து மீட்டர் கம்பியை மாட்டியதும் முதல் எண் துள்ளி ஏறும். இரண்டாவது அசையாமல் நின்றால் கம்பி கொண்டுவந்தது இரைச்சலைத்தான். கம்பி போட்டும் பயனில்லை என்பவர்களில் பெரும்பாலோர் இந்த எண்ணைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் நாள் வேலை இது. பேட்டரியில் பெட்டியை ஓடவிட்டு, 31 மீட்டர் பேண்டில், அதாவது 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸுக்குள், சுமாராகக் கேட்கும் ஒரு நிலையத்தில் நிறுத்துங்கள். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரண்டாவது எண் 5 அல்லது 10 ஏறினால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறான். எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். பெரும்பாலும் மலிவான எல்இடி விளக்கின் டிரைவர், கைபேசி சார்ஜர், மடிக்கணினி அடாப்டர், இன்வெர்ட்டர், இணைய ரவுட்டரின் அடாப்டர் ஆகியவைதான் அகப்படும். இவை எல்லாமே மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிற வகை. அந்த வெட்டுகளின் மடங்குகள் சிற்றலை முழுக்கச் சிதறும். வீட்டு வயரிங் அதற்கு ஆன்டெனா ஆகிவிடும்.

மாற்ற முடியாத சாதனமாக இருந்தால் அதன் கம்பியை ஃபெரைட் வளையத்தில், அதாவது இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையத்தில், சுற்றுங்கள். ஃபெரைட் வகைகளில் 31 என்ற கலவை சிற்றலைக்குப் பொருத்தமானது. ஒருமுறை நுழைத்தால் போதாது. தடை சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும், மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கம்பி மூன்று முறையாவது நுழையும் அளவுக்குத் துளை பெரிதான வளையமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் இதில் சேர்ந்தது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் சிற்றலையை நன்றாகவே தடுக்கும். அறையின் நடுவிலிருந்து ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினாலே இரண்டாவது எண் ஏறுவதைப் பார்க்கலாம்.

இனி பெட்டிக்கு வருவோம். ஏஎம் பட்டை அகலங்கள், அதாவது ஒரு நிலையத்தைச் சுற்றிப் பெட்டி உள்ளே விடும் அலைவரிசை அளவுகள், மூன்று: 2.5, 3.5, 9 கிலோஹெர்ட்ஸ். சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமர்ந்திருக்கும். பக்கத்து நிலையம் கத்தும்போது 2.5 வெட்டித் தள்ளிவிடும், பேச்சு கொஞ்சம் மூக்கடைத்தது போலக் கேட்டாலும் புரியும். 3.5 தினப் பயன்பாட்டுக்கு. 9-ஐ வைத்தால் இசை மலரும், ஆனால் இருபக்கமும் யாரும் இல்லாத நேரத்தில்தான். 3.5-க்கும் 9-க்கும் நடுவே ஒரு 5 இல்லாதது இந்தப் பெட்டியில் எங்களை மிகவும் உறுத்துகிற குறை. இரவில் 41, 49 மீட்டர் பேண்டுகளில் அந்த 5-ஐத்தான் கை தேடும்.

அந்தக் குறையை எஸ்எஸ்பி ஈடுகட்டிவிடுகிறது. இதை ஹாம் வானொலிக்காரர்களின் பேச்சைக் கேட்பதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு ஏஎம் ஒலிபரப்பில் நடுவே ஊர்தி அலை, இருபக்கமும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பிரதிகள், அவைதான் பக்கப்பட்டைகள். அயனி மண்டலத்தில் வெவ்வேறு பாதைகளில் வந்து சேரும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும்போது ஊர்தி அலை மட்டும் சில கணம் மங்கிவிடும், பக்கப்பட்டைகள் மங்காது. அப்போது குரல் கரகரவென்று உடையும். ஊர்தி அலையைப் பெட்டியே தயாரித்துக்கொண்டால் அந்த உடைவு போய்விடும். எஸ்எஸ்பி செய்வது அதைத்தான். ஒரு நிலையத்தை ஏஎம்மில் பிடியுங்கள். யூஎஸ்பிக்கு (மேல் பக்கப்பட்டை, சார்ஜர் யூஎஸ்பி அல்ல) மாறுங்கள். ஒரு விசில் கேட்கும். 10 ஹெர்ட்ஸ் படிகளில் நகர்த்தி, விசில் தாழ்ந்து தாழ்ந்து மறையும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது எல்எஸ்பிக்கு (கீழ்ப் பக்கப்பட்டை) மாற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் தெளிவாக இருக்கிறதோ அங்கேயே இருந்துவிடலாம். மேலே 5 கிலோஹெர்ட்ஸில் ஒருவர் இடித்தால் எல்எஸ்பி, கீழே இடித்தால் யூஎஸ்பி. எஸ்எஸ்பியின் அகலங்கள் 0.5, 1.2, 2.2, 3, 4. பேச்சுக்கு 3 அல்லது 4 போதும். இசைக்கு இந்த முறை அவ்வளவு பொருந்தாது. 10 ஹெர்ட்ஸ் படியில் மிச்சம் நிற்கும் சில ஹெர்ட்ஸ் பிசகுகூடச் சுருதியைக் கெடுத்துவிடும்.

ஊர்தி அலையோடு பெட்டி தானே ஒத்திசைந்துகொள்ளும் சிங்க் வசதியும் இருக்கிறது. சமிக்ஞை ஓரளவு நிலையாக இருந்தால் பிடித்துக்கொள்ளும், ஆழமாக மங்கினால் பிடி நழுவி ஊளையிடும். அதை நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். கையால் செய்யும் எஸ்எஸ்பி முறையே மேல்.

எஸ்எஸ்பியில் திரை காட்டும் எண் துல்லியமா என்று பார்க்க நேரக்குறி நிலையங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூவி, சீனாவின் பிபிஎம் இரண்டும் 5000, 10000, 15000 கிலோஹெர்ட்ஸில் வருகின்றன. 10000-இல் விசில் மறையும் இடம் 60 ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால் 15000-இல் ஏறக்குறைய 90 தள்ளியிருக்கும். பிசகு அலைவரிசையோடு சேர்ந்தே வளரும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஈடிஎம் என்ற தானியங்கித் தேடல் சிற்றலைக்கு ஏற்றபடி யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. கண்டெடுத்த நிலையங்களை அந்தந்த மணிநேரத்துக்கெனத் தனியாகச் சேமிக்கும். மாலை 6 மணிப் பட்டியலும் இரவு 9 மணிப் பட்டியலும் ஒன்றையொன்று அழிக்காது. சிற்றலையில் ஒரே அலைவரிசை மணிக்கு மணி வேறு நிலையத்துக்குப் போகும் என்பதால் இது பெரிய உதவி. ஆனால் இரைச்சல் மிகுந்த வீட்டில் இது எல்இடி விளக்கையும் நிலையமாக எண்ணிச் சேர்த்துவிடும், மெலிந்த நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். தேடுவதற்கு முன் விளக்குகளை அணையுங்கள். அரிய நிலையங்களுக்குக் கையால் 5 கிலோஹெர்ட்ஸ் படியில் உருட்டுவதே வழி.

எங்கே உருட்டுவது? பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். ஆகவே பகலுக்கு 19, 16, 13 மீட்டர் பேண்டுகள், இருட்டிய பின் 31, 41, 49. 25 மீட்டர் இரண்டு வேளைக்கும் ஓரளவு உதவும். ஒலிபரப்பு அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். எல்லா நேரமும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் தரப்பட்டிருக்கும். பெட்டியின் கடிகாரத்தையே யூடிசிக்கு வைத்துவிடுவது நல்லது. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31-இல் சிற்றலையை விட்டுப் போனது. அதுபோலப் போனவர்கள் பலர். ஆனாலும் பிபிசி உலக சேவை, சீன வானொலி, ருமேனிய வானொலி, துருக்கியின் குரல், நியூசிலாந்து வானொலி என்று கேட்பதற்கு நிறைய மிச்சம் இருக்கிறது. நியூசிலாந்து வானொலி, ஆல் இந்தியா ரேடியோ போன்றவை டிஆர்எம் என்ற எண்ணியல் முறையிலும் ஒலிபரப்புகின்றன. அதை இந்தப் பெட்டி விரிக்காது. 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குச் 'சோ'வென்று சீரான இரைச்சல் கேட்டால் பெட்டி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம், அது டிஆர்எம்.

கம்பி விஷயத்தில் பேராசை கூடாது. ஐந்து முதல் ஏழு மீட்டர் வயர், முனையில் ஒரு முதலைக் கிளிப், அதை டெலஸ்கோபிக் ஏரியலில் மாட்டி ஜன்னல் வழியே வெளியே விட்டால் இந்தப் பெட்டிக்குப் போதும். 20 மீட்டர் மாட்டினால் இரவில் வலுவான நிலையங்கள் முகப்புச் சுற்றைத் திணறடித்து, இல்லாத இடங்களிலும் தலைகாட்டும். ஒரே நிலையம் சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று அலைவரிசைகளில் கேட்டால் முதல் காரணம் இது. கம்பியைக் குறைத்ததும் அந்த ஆவிகள் மறைந்துவிடும். வீட்டுக்குள் இரைச்சல் அடங்கவே இல்லை என்றால், வயரை வெளியே சுவரிலிருந்து தள்ளிக் கட்டி, அதன் அடியில் வயரையும் கேபிளையும் பொருத்தும் 9:1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அங்கிருந்து கோஆக்சியல் கேபிளில் 3.5 மில்லிமீட்டர் ஆன்டெனா துளைக்குக் கொண்டுவாருங்கள். எஃப்டி140-43 என்ற ஃபெரைட் வளையத்தில் மூன்று இழைகளைச் சேர்த்து ஒன்பது சுற்று சுற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் தயார். கேபிளின் வெளி உறையைத் தரையில் அடித்த கம்பியோடு இணைக்காமல் விட்டால் வீட்டு இரைச்சல் அந்த உறை வழியாகவே ஏறிவரும். பாடுபட்டதெல்லாம் வீண். இடி மின்னல் இருக்கும்போதும், கேட்காத நேரத்திலும் பிளக்கை உருவி வையுங்கள். தூரத்து மின்னலில் வயரில் தேங்கும் மின்னேற்றமே முகப்புச் சிப்பைக் கொன்றுவிடப் போதுமானது.

பேட்டரி பிஎல்-5சி (BL-5C), 1000 மில்லி ஆம்பியர் மணி, பழைய நோக்கியா கைபேசிகளில் இருந்த அதே வகை. தளர்ந்துபோனால் நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஒட்டி மூடிய பேட்டரிகளின் காலத்தில் இது அருமையான முடிவு. மைக்ரோ யூஎஸ்பியில் 5 வோல்ட் கொடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கேட்க வேண்டாம். எந்தச் சார்ஜராக இருந்தாலும் இரண்டாவது எண் சரிவதை அப்போதே பார்க்கலாம். தினமும் நெடுநேரம் கேட்பவர்கள் இன்னொரு பிஎல்-5சி வாங்கி, வெளியே தனியாக ஏற்றி மாற்றிக்கொள்வது நல்லது. அந்தத் தனி ஏற்றியையும் கேட்கும் அறையில் வைக்காதீர்கள்.